தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு சவுண்ட்பார்

எங்கள் வீட்டு டிவியை நான் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். பாளையங்கோட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். ஹாலில் ஜன்னலோரம் மெஷின், எதிர்ச் சுவரில் 43 இன்ச் டிவி. கண் ஊசியில் இருக்கும், கால் மோட்டார் பெடலில் இருக்கும். சீரியல், செய்தி, கிரிக்கெட் எல்லாமே காது வழியாகத்தான் எனக்கு வரும். அதனால் இந்த விமர்சனம் முழுக்கப் பேச்சு புரிவதைப் பற்றித்தான். தியேட்டர் மாதிரி நெஞ்சு அதிர வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

வாங்கியது சோனி எச்டி-எஸ்100எஃப் என்ற சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் பெட்டி. ஒற்றை பார்தான், சப்வூஃபர் என்கிற அடி ஒலிக்கான தனிப் பெட்டி, பின்னால் வைக்கும் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. நாங்கள் கொடுத்தது எட்டாயிரத்துச் சொச்சம். இது 2018-ல் வந்த மாடல். கடையில் இதைக் கேட்டால் "பழசுக்கா அது" என்பார்கள். பழசாக இருந்தால் என்ன, பேசினால் புரிகிறது.

டிவியில் படத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஒலிதான் தொல்லை. இப்போது வருகிற டிவிகள் எல்லாம் தட்டையாக இருக்கின்றன. முன்பக்கம் முழுவதும் திரையே அடைத்துக்கொள்வதால் ஸ்பீக்கரைக் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தாற்போல் வைத்துவிடுகிறார்கள். எங்களுடையதில் பத்து வாட்ஸ் வீதம் இரண்டு, இரண்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒலி கீழே இருக்கும் ஷெல்ஃபில் மோதி, டைல்ஸ் தரையில் தெறித்து, சிமெண்ட் சுவரில் பட்டு அப்புறம்தான் நம்மிடம் வரும். மெத்தை சோபா, கனத்த திரைச்சீலை உள்ள வீட்டில் இந்த எதிரொலி கொஞ்சம் அடங்கும். எங்கள் ஹாலில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கட்டிலும். அந்தக் காலத்து டப்பா டிவியில் பெரும்பாலும் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருந்தது, பெட்டிக்குள் காற்றுக்கு இடமும் இருந்தது. படத்தில் எவ்வளவோ முன்னேறி, ஒலியில் இப்படிப் பின்னால் போயிருக்கிறோம்.

சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் கூட்டுகிறோம். கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. சீரியலில் மாமியார் முறைக்கும்போது வருகிற அந்த "டொய்ங்" ஜன்னல் கம்பியை ஆட்டும்; அவள் முறைத்துவிட்டு என்ன சொன்னாள் என்பது மட்டும் விளங்காது. நடுவில் விளம்பரம் வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைத்து, சீரியல் திரும்ப வந்ததும் கூட்டி, இந்த வேலைக்கே ஒரு ஆள் வேண்டும். மேலே ஃபேன் ஐந்தில் ஓடும், அடுப்பில் விசில் வரும், என் மெஷின் வேறு.

அத்தைக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. "ஏளா, அந்த வக்கீல் என்ன சொல்லுதான்? சத்தம் கேக்கு, ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு" என்பார்கள். நான் மெஷினை நிறுத்தி, "ஜாமீன் கிடைக்காதுன்னு சொல்றான் அத்தை" என்பேன். அதற்குள் அடுத்த வசனம் போயிருக்கும்.

அத்தை சொன்ன அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. காது டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் திறன். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் கனமாக வரும், அவை காதில் விழுந்துவிடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது க, ச, ட, த, ப மாதிரி மெய்களும் ஸ, ஃப மாதிரி காற்றொலிகளும். அவற்றின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. உயர்ந்த சுருதி, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நேராகப் போகும். தாழ்ந்தது மூலை முடுக்கெல்லாம் பரவும். தரையைப் பார்க்கிற ஸ்பீக்கரில் சொல்லின் விளிம்பு தரையோடு போய்விடுகிறது, முனகல் மட்டும் நம்மிடம் வருகிறது. வயதான காதுக்கு இது இரட்டை அடி.

ஓடிடி படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய படங்களின் ஒலியை 5.1 என்று ஆறு தனி ஓடைகளாகக் கலந்திருப்பார்கள். வசனம் பெரும்பாலும் நடு ஓடையில் இருக்கும். தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் அதற்கென்றே நிற்கும். நம் டிவியிலோ இடது, வலது என்று இரண்டுதான். ஆறையும் இரண்டில் திணிக்கும்போது வசனமும் சண்டையும் மழையும் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. சில ஆப்களில் மொழி தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே ஸ்டீரியோ, 5.1 என்று தனித்தனியாக இருக்கும். சவுண்ட்பார் வாங்காதவர்கள் முதலில் அங்கே ஸ்டீரியோ வைத்துப் பாருங்கள். டிவி செட்டிங்கில் பேச்சைத் தெளிவாக்கும் முறை இருந்தால் அதையும் போட்டு, சரவுண்ட் என்று எதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். காசு செலவில்லாமல் கொஞ்சம் தேறும். எங்களுக்குத் தேறியது போதவில்லை.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். சவுண்ட்பார் என்றதுமே கடைப் பையன் ஒரு பாட்டைப் போட்டான். அதுவும் குத்துப் பாட்டு. சப்வூஃபர் அதிர, கண்ணாடிக் கதவு அதிர, எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஒரே மலர்ச்சி.

"அக்கா, இது 5.1. பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர், தனி சப்வூஃபர். ஆஃபர்ல இருக்கு."

"தம்பி, பாட்டை நிறுத்திட்டு ஒரு செய்தி சேனல் போடுங்க. அப்புறம் ஒரு சீரியல்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சவுண்ட்பார் கேட்க வந்து செய்தி போடச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் கடையில் செய்ய வேண்டிய சோதனை அதுதான். குத்துப் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாத நிகழ்ச்சியைப் போடுங்கள். யார் என்ன சொல்கிறார் என்று பிரித்துக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். சத்தத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லி, நாலடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். குறைந்த சத்தத்தில் புரிகிற பார்தான் நல்ல பார். அந்தப் பெரிய செட்டில் செய்தி வாசிப்பவரின் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. இந்த ஒற்றை பாரில் "மாவட்ட ஆட்சியர்" என்பது மாவட்ட ஆட்சியர் என்றே விழுந்தது. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது; வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தத்தான் நேரம் ஆனது.

அவருக்கு வாட்ஸ் கணக்கு. "இது 120 வாட்ஸ்தான், அது 200. ரெண்டாயிரம் சேத்துப் போட்டா அதையே எடுத்திரலாம்" என்றார். 120-க்கும் 200-க்கும் காதில் தெரியும் வித்தியாசம், சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில், சுமார் 2 டெசிபல்தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பிப் பர்ஸைத் திறக்க வேண்டாம். அதிலும் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம், அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைச் சொல்கிற ஆர்எம்எஸ் என்று போட்ட எண்ணுக்குத்தான் கொஞ்சம் மரியாதை. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு நாம் உண்மையில் செலவழிப்பது சில வாட்ஸ்தான்.

பாரின் நீளம் 90 செ.மீ., உயரம் 6.4, ஆழம் 8.8. எடை இரண்டரை கிலோவுக்குள். 43 இன்ச் திரையின் அகலம் 95 செ.மீ. என்பதால் இரண்டும் பொருந்தி நிற்கின்றன. எங்கள் டிவி சுவரில் மாட்டியது, கீழே ஷெல்ஃப் இருக்கிறது, அதில் வைத்துவிட்டோம். டிவியை மேஜைமேல் காலூன்றி வைத்திருப்பவர்கள் திரைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று அளந்துவிட்டு வாங்குங்கள். குட்டைக் கால் டிவி என்றால் பார் திரையின் அடிப்பக்கத்தை மறைக்கும், ரிமோட் வெளிச்சம் வாங்குகிற கண்ணையும் மறைக்கும். இன்னொன்று, பாரை ஷெல்ஃபின் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். பலகையின் விளிம்புவரை முன்னால் இழுத்து வைத்ததும் குரல் இன்னும் ஒரு படி தெளிந்தது. எங்கள் வீட்டில் முதலில் அங்கே ஒரு பிள்ளையாரும் பூச்சாடியும் பாருக்கு முன்னால் குடியேறினார்கள். பிள்ளையாரை மேல் தட்டுக்கு மாற்றியாயிற்று.

இனி இணைப்பு. பெரும்பாலானோர் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ப்ளூடூத்தில் இணைக்கலாம், ஒயர் இல்லை, சுலபம். ஆனால் பல டிவிகளில் உதடு முன்னால் போகும், சொல் பின்னால் வரும். பாட்டு கேட்க ப்ளூடூத், டிவிக்கு ஒயர். ஒயரில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஆப்டிகல். மெல்லிய கேபிள், அதன் நுனியில் ஒளி வரும். நுனியில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருக வேண்டும். கேபிளை மடக்கி ஒடிக்கக் கூடாது. ஆப்டிகலின் தொல்லை என்னவென்றால், பெரும்பாலான டிவிகளில் டிவி ரிமோட்டால் பாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. பாருக்கு ஒரு ரிமோட், டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட். மூன்று ரிமோட்டை அத்தை கையில் கொடுத்தால் அன்றைக்குச் சீரியல் ஓடினாற்போலத்தான்.

இரண்டாவது வழி எச்டிஎம்ஐ ஏஆர்சி. சாதாரணமாக எச்டிஎம்ஐ துளை வழியாக டிவிக்குள் படமும் ஒலியும் வரும். ஏஆர்சி துளையில் டிவியின் ஒலி திரும்பி வெளியே பாருக்கும் போகும். 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 வந்ததிலிருந்து இருக்கிற வசதி இது. டிவியின் பின்னால் இரண்டு மூன்று எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும் ஏஆர்சி வழக்கமாக ஒன்றில்தான் இருக்கும், பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அந்தத் துளையில் பெரும்பாலும் கேபிள்காரர் செட்டாப் பாக்ஸைச் செருகிவிட்டுப் போயிருப்பார். அதைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிவிட்டுப் பாரை இதில் செருக வேண்டும். எங்கள் டிவி உயரத்தில் இருப்பதால் இரண்டு மீட்டர் கேபிள் தனியாக வாங்கினோம், முந்நூற்றைம்பது ரூபாய். இதற்கு ஆயிரம், இரண்டாயிரத்துக்குத் தங்க முலாம் கேபிள் என்று காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

செருகினால் மட்டும் போதாது. டிவி செட்டிங்கில் சிஇசி என்பதைத் திறக்க வேண்டும்; டிவியும் பாரும் ஒன்றுக்கொன்று கட்டளை சொல்லிக்கொள்கிற வசதி அது. கம்பெனிக்குக் கம்பெனி இதற்குச் செல்லப் பெயர்: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அப்புறம் ஒலி எந்த வழியாக வெளியேற வேண்டும் என்ற இடத்தில் டிவி ஸ்பீக்கர் என்பதை மாற்றி ஏஆர்சி என்று வைக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் டிவியைப் போட்டதும் பாரும் எழும், அணைத்ததும் அணையும், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும் குறையும். அத்தைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. என் கணக்கில் இந்த பாரின் பாதி மதிப்பு இந்த ஒரு வசதிக்கு. ஈஏஆர்சி என்று எச்டிஎம்ஐ 2.1-ஓடு ஒன்று வந்திருக்கிறது. அது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற பெரிய அட்மாஸ் செட் வைத்திருப்பவர்களுக்கான விஷயம். நம் ஒற்றை பாருக்கு ஏஆர்சியே தாராளம்.

சரி, காதில் எப்படி?

முதல் நாள் சாயங்காலம் சீரியலைப் போட்டுவிட்டு மெஷினை முழு வேகத்தில் ஓட விட்டேன். நீளத் தையல் போடும்போது மோட்டார் ஒரே சீராக உறுமும், அதன் மேலாக வசனம் கேட்டாக வேண்டும். கேட்டது. முன்பு ஒரு வரி தவறினால் பெடலிலிருந்து காலை எடுப்பேன். இப்போது கை ஓரத்தை மடித்துக்கொண்டே இருக்கிறது, கதையும் போய்க்கொண்டே இருக்கிறது. டிவியில் வைத்த எண்ணையும் பாரில் வைக்கும் எண்ணையும் ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு கணக்கு. நான் பார்த்தது வேறு: முன்பு தெருவில் நிற்கும்போதே எங்கள் வீட்டுச் சீரியல் கேட்கும், இப்போது வாசல்படி ஏறினால்தான் கேட்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு முன்பைவிட நன்றாகப் புரிகிறது.

ரிமோட்டில் வாய்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் குரல் முன்னுக்கு வந்து இசை கொஞ்சம் பின்வாங்குகிறது. செய்திக்கும் சீரியலுக்கும் இதைப் போட்டே வைத்திருக்கிறோம். பாட்டுக்கு இதை எடுத்துவிட வேண்டும். போட்டுக்கொண்டு கேட்டால் தபேலா தகர டப்பாவாகிவிடும். இளையராஜா பாட்டில் அடியில் நடக்கிற பாஸ் கிதாரைத் தேடித் தேடிக் கேட்கிறவர் எங்கள் வீட்டுக்காரர். மியூசிக் முறையில் வைத்தால் அது வருகிறது, டிவியில் இருந்ததைவிடப் பல மடங்கு நன்றாக. அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி வராது. உள்ளங்கை உயரத்துக்கும் குறைவான பெட்டிக்குள் அவ்வளவு காற்றைத் தள்ள இடமில்லை. அது வேண்டுமென்றால் தனி சப்வூஃபர்தான். எங்களுக்குக் கீழே குடியிருப்பவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சப்வூஃபர் இல்லாததை நான் வசதியாகவே எடுத்துக்கொண்டேன்.

நைட் என்றும் ஒரு பட்டன். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள தூரத்தைக் குறைத்துக் காட்டும். கிசுகிசுவும் கேட்கும், வெடியும் வீட்டை எழுப்பாது. இரவு பதினொரு மணிக்குமேல் பையன் இங்கிலீஷ் படம் பார்க்கும்போது நான் எழுந்துபோய்த் திட்டுவது நின்றிருக்கிறது. விளம்பரம் கத்துவது முற்றிலும் தீர்ந்ததா என்றால் இல்லை, குறைந்திருக்கிறது.

கிரிக்கெட்டில் எனக்கு ஒரு ஆச்சரியம். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் கூட்டம் கத்துகிற கத்தில் தமிழ் வர்ணனை மூழ்கிவிடும். இப்போது கூட்டம் இரண்டு பக்கமும் விரிந்து நிற்க, வர்ணனையாளர் நடுவில் நின்று பேசுகிறார். தலை நிமிராமலே பந்து எங்கே போனது என்று தெரிகிறது. ஆறு என்றால் மட்டும் நிமிர்கிறேன்.

தொந்தரவு என்று சொன்னால் கரண்ட் போய் வரும்போது. கரண்ட் வந்ததும் எங்கள் டிவி சில சமயம் பாரை மறந்துவிடுகிறது. ஒலி மறுபடி டிவியின் வயிற்றிலிருந்தே வரும். இது டிவியின் குணம், பாரின் குணமல்ல. ஏஆர்சியில் இந்த மாதிரிக் கண்ணாமூச்சி பல டிவிகளில் உண்டு. இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிஷம் விட்டு, முதலில் பாருக்கும் பிறகு டிவிக்கும் கரண்ட் கொடுத்தால் திரும்ப ஞாபகம் வந்துவிடும். உதடும் சொல்லும் லேசாகத் தள்ளிப் போனால் டிவி செட்டிங்கில் ஒலித் தாமதம் என்று ஒன்று இருக்கும், அதை நகர்த்திச் சரிபண்ணலாம்.

அத்தைக்கு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வேகமாகப் பேசுகிற சின்னப் பிள்ளைகளின் வசனம் இப்போதும் பிடிபடுவதில்லை. ஆனால் வக்கீல் சொன்னதை என்னிடம் கேட்பதில்லை. வக்கீல் சொன்னது தப்பு என்று எனக்குச் சொல்கிறார்கள். "அவன் சொல்லுதது பொய்யி. போன வாரம் வேற சொன்னாம்லா." காது மிகவும் மந்தமானவர்களுக்குச் சவுண்ட்பார் ஒரு மருந்து என்று நினைத்துவிட வேண்டாம், அவர்களுக்குக் காது கேட்கும் கருவிதான் முதலில்.

இருபதுக்கு இருபது ஹால், வாரம் நாலு படம், நண்பர்கள் கூட்டம் என்று இருப்பவர்கள் இதை வாங்காதீர்கள். இன்னும் ஆறேழாயிரம் சேர்த்து, சப்வூஃபரும் நடுவில் குரலுக்கென்று தனி ஸ்பீக்கரும் உள்ள 3.1 அல்லது 5.1 செட்டாகப் பாருங்கள். ஐயாயிரத்துக்குள் தேடுகிறவர்கள் வாட்ஸை விட்டுவிட்டு ஏஆர்சி இருக்கிறதா, பேச்சுக்கென்று தனி முறை இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பழைய டிவியில் ஏஆர்சியும் இல்லை, ஆப்டிகலும் இல்லை, ஹெட்போன் துளை மட்டும்தான் என்றால் ஆக்ஸ் இன்புட், அதாவது ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒயரைச் செருகும் துளை, உள்ள பாராக இருக்க வேண்டும். கடைக்குக் கிளம்பும் முன் டிவியின் பின்பக்கத்தை, துளைகளின் எழுத்து தெரிகிற மாதிரி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். பில் போடும் முன் அதைப் பையனிடம் காட்டி, எதை எதில் செருக வேண்டும் என்று கேட்டுவிடலாம்.